தொலைபேசியில் நான்

விதி ஒன்றுதான்:
அவள் ‘நான்’ என்றால்
நானும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும்.
நிமிடக் கணக்கில் கூலி.
லூலியோவில் என் சமையலறை, ஜன்னல் பாதி வரை பனி.
மால்மோவில் அவர்கள்.
நடுவே ஸ்வீடன் நீளம் முழுக்க ஒரு கம்பி.

பிப்ரவரி எட்டு, விடிகாலை நாலரை.
இருபத்தாறு வாரம். எழுநூற்றுத் தொண்ணூறு கிராம்.
ஸ்வீடிஷில் வாங்கி திக்ரிஞாவில் கொடுத்தேன்.
மேசையில் சர்க்கரைப் பொட்டலம் இருந்தது,
ஒரு கிலோ, நேற்றுப் பிரித்தது.
பேசிக்கொண்டே கையில் தூக்கிப் பார்த்தேன்.
அதைவிடக் கனமாகத்தான் இருந்தது.

தலைவலி இருந்ததா என்று கேட்டார் டாக்டர்,
கண் மங்கியதா, கால் வீங்கியதா.
லெத்தினா சொன்னாள், நான் சொன்னேன்:
‘எனக்குத் தலை வலித்தது. பன்னிரண்டு நாள்.
செருப்பு நுழையவில்லை,
ஹப்தோமின் பூட்ஸில் நடந்தேன்.
போன் செய்தேன். ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து
என்றது ஒரு குரல்.
எல்லாவற்றையும் அழுத்தினேன்.
கடைசியில் ஒரு பெண் வந்தாள்.
அவள் மொழியில் தலை என்ற சொல் மட்டும் எனக்குத் தெரியும்.
அதையே மூன்று முறை சொன்னேன்.
மாத்திரை போட்டுத் தூங்கு என்றாள்,
அப்படித்தான் நினைக்கிறேன்.’

அந்தப் பக்கம் விசைப்பலகைச் சத்தம் நின்றது.
‘இங்கே அப்படி எதுவும் பதிவாகவில்லையே.’
அதையும் சொன்னேன்.

பிறகு நுரையீரல். கண்ணின் பின்திரை.
மூளையில் ஒரு துளி ரத்தம், கரைந்துவிடலாம், கரையாமலும் போகலாம்.
சில மதியங்களில் என்னையே இணைத்தார்கள்.
‘விளைவுகளைப் பற்றிப் பேசுவோம்’ என்றார் டாக்டர்.
சொல் அகப்படவில்லை.
அவசரத்தில் விளைச்சலின் சொல்லைக் கொடுத்துவிட்டேன்.
‘நான் என்ன விதைத்தேன்?’ என்றாள் லெத்தினா.
மன்னிக்கவும், மொழிபெயர்ப்பாளர் பேசுகிறேன்,
பிழை என்னுடையது.

ஹப்தோம் ரொட்டித் தொழிற்சாலையில் இரவெல்லாம் நின்றுவிட்டு வருவான்.
பிள்ளை அவன் சட்டைக்குள் இருப்பதால்
கிசுகிசுத்துத்தான் பேசுவான்.
நூற்றில் இத்தனை பேர் தாமதமாக நடப்பார்கள்,
இத்தனை பேர் நடக்கவே மாட்டார்கள் என்றார் டாக்டர்.
‘அந்த நூறு பேரில் எங்களைப் போல எத்தனை பேர்?’
டாக்டர் பொய் சொல்லத் தெரியாதவர்.
மொழி தெரியாத தாய்மார்களை
அந்த ஆய்வில் சேர்க்கவில்லை என்றார்.
ஹப்தோம் ஒன்றும் சொல்லவில்லை.
இயந்திரம் மட்டும் பீப், பீப் என்றது.
அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

இரண்டு வருடம் வேறு யார் யாரோ குரல்கள்.
வயிற்று வலிகள், வாடகை வழக்குகள்.

பிறகு ஒரு மே மாதம், இங்கே ஏரி உடைகிற நேரம்,
மறுபடி அந்த மருத்துவமனை.
பிள்ளைக்கு இரண்டேகால் வயது.
வயிற்றில் இருந்திருக்க வேண்டிய மாதங்களைக் கழித்து
‘திருத்திய வயது இரண்டு’ என்றாள் சோதிக்கிற பெண்.
‘திருத்துவதற்கு யார் தப்பு செய்தது?’
லெத்தினா எதையும் மறக்கவில்லை.

படங்கள் ஒவ்வொன்றாக வந்தன.
வாத்து. பனிச்சறுக்கு வண்டி. கோட்டை.
யாஃபெத் வாயைத் திறக்கவில்லை.
மௌனத்துக்கும் மீட்டர் ஓடும்.
பிறகு கோப்பை.
‘மய்’ என்றான்.
அவன் குரலை அன்றுதான் கேட்டேன்.
மாட்டுக்கன்றின் குரல் போலக் கொஞ்சம் கரகரப்பு,
குழாய் போன தொண்டை.

அவர்கள் மொழியில் மே மாதத்துக்கும் அதே ஓசைதான்.
‘அட, மாதத்தைச் சொல்கிறான்!’ என்று சிரித்தாள் அந்தப் பெண்.
அவன் பிறந்திருக்க வேண்டிய மாதம்.
லெத்தினா சிரித்தாளா, தெரியவில்லை.
மொழிபெயர்ப்பாளர் பேசுகிறேன் என்றேன்,
அது தண்ணீர். எங்கள் மொழியில் தண்ணீர்.

‘ஓ.’
எந்தக் கட்டத்தில் போடுவது என்று
அவள் தாளைப் புரட்டுவது கேட்டது.
வெகுநேரம் புரட்டினாள்.

‘மய்’ என்றான் மறுபடி, உரக்க.
யாரும் எழுந்ததாகத் தெரியவில்லை.

எனக்குத் தண்ணீர் வேண்டும் என்றேன்,
விதிப்படி.